சோயா இலையில் எந்த வைரஸ்?

சோயா இலையில் பச்சையும் வெளிர்மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்து தெரிந்தால் அது தேமல் நோய் என்று சொல்லிவிடலாம். எந்த வைரஸ் கொண்டுவந்த தேமல் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. சோயா தேமல் வைரஸும் பீன்ஸ் காய்த் தேமல் வைரஸும் இலையில் காட்டும் அறிகுறிகள் ஏறத்தாழ ஒன்றே. போதாக்குறைக்கு, அடுத்த வயலில் தெளித்த டைகாம்பா களைக்கொல்லி காற்றில் வந்து பட்டாலும் இளம் இலைகள் கிண்ணம்போல் குவிந்து சுருங்கும். அனுபவசாலிகளும் இதை வைரஸ் என்று எண்ணி ஏமாறுவதுண்டு.

பெயர் தெரிந்தால்தான் தடுக்கும் வழி தெரியும். சோயா தேமல் வைரஸ் விதை வழியாக வயலுக்குள் நுழைகிறது. பிறகு அசுவினிகள் பரப்புகின்றன. அசுவினி ஒரு செடியைச் சில நொடிகள் குத்திச் சுவைத்தாலே தொற்றிவிடும். பூச்சிக்கொல்லி அதைக் கொல்வதற்குள் காரியம் முடிந்துவிடுவதால், இங்கே மருந்தைவிட நலமான விதையே முக்கியம். காய்த் தேமல் வைரஸைப் பரப்புபவை இலை தின்னும் வண்டுகள். மஞ்சள் தேமல் என்ற இன்னொரு வைரஸ் நோயைப் பரப்புவது வெள்ளை ஈ. எதிரி மாறினால் உத்தியும் மாற வேண்டும்.

விதையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையும் நிலைப்பதில்லை. விதையின் தழும்பிலிருந்து (காயோடு ஒட்டியிருந்த இடம்) பழுப்பு அல்லது கறுப்பு நிறம் கசிந்து படர்வது தேமல் வைரஸின் அடையாளம்தான். ஆனால் கறைபட்ட விதைகள் எல்லாவற்றிலும் வைரஸ் இருப்பதில்லை. கறையே இல்லாத விதைக்குள் இருப்பதும் உண்டு.

ஆகவே ஆய்வகம். அங்கு இன்றும் அதிகம் புழங்குவது எலிசா சோதனை. 1977-இல் கிளார்க், ஆடம்ஸ் என்ற இருவர் இதைத் தாவர வைரஸ்களுக்குப் பொருத்திக் காட்டினார்கள். பிளாஸ்டிக் தட்டிலுள்ள சிறு குழிகளின் சுவரில், குறிப்பிட்ட ஒரு வைரஸின் புரத உறையை மட்டும் பற்றும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) என்ற புரதத்தைப் பூசுவார்கள். அரைத்த இலைச் சாற்றை ஊற்றினால், அந்த வைரஸ் இருக்கும் பட்சத்தில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மற்றவற்றைக் கழுவிவிட்டு, நொதி பிணைத்த இன்னொரு எதிர்ப்பொருளைச் சேர்ப்பார்கள். அதுவும் வைரஸின் மேல்தான் ஒட்டும். கடைசியில் ஊற்றும் நிறமற்ற வேதிப்பொருளை நொதி மஞ்சளாக்குகிறது. 405 நானோமீட்டர் ஒளியில் அதன் அடர்த்தியை அளக்கிறார்கள். ஒரே தட்டில் 96 குழிகள் இருப்பதால் நிறைய மாதிரிகளை மலிவாகப் பார்த்துவிடலாம். எந்த வைரஸின் எதிர்ப்பொருளைப் பூசினோமோ, அதைப் பற்றி மட்டுமே இந்தத் தட்டு பேசும் என்பதே இதன் குறை.

பி.சி.ஆர். சோதனைக்கு நுட்பம் அதிகம். சோயா தேமல் வைரஸின் மரபுப்பொருள் ஏறத்தாழ 9,600 எழுத்துகள் (இழையைக் கட்டும் வேதி அலகுகள்) கொண்ட ஆர்.என்.ஏ. இழை. அதை முதலில் டி.என்.ஏ.வாக மாற்றி, ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்குகிறார்கள். கணக்குப்படி 30 சுற்றுகளில் ஒரே பிரதி நூறு கோடியைத் தாண்டிவிடும். இங்கும் தேடவேண்டிய தொடரை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் வைரஸ் சற்று மாறியிருந்தால் சோதனை கோட்டைவிடும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கி குடும்பத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது: 750 நானோமீட்டர் நீள வளையும் இழை என்றால் சோயா தேமல் வைரஸின் குடும்பம், 30 நானோமீட்டர் உருண்டை என்றால் காய்த் தேமல் வைரஸாக இருக்கலாம், ஒட்டிப்பிறந்த இரட்டை உருண்டை என்றால் மஞ்சள் தேமல் வகை.

பழைய முறையான செடிச் சோதனையும் ஓய்ந்துவிடவில்லை. இலைச் சாற்றை நுண்மணல்போன்ற கார்போரண்டம் பொடியுடன் வேறு செடிகளில் தேய்த்து, எது எப்படி நோயுறுகிறது என்று கவனிப்பார்கள். சோயா தேமல் வைரஸை ஜி1 முதல் ஜி7 வரை ஏழு வகைகளாக 1979-இல் பிரித்தது, பல சோயா ரகங்கள் காட்டிய மாறுபட்ட எதிர்வினைகளை வைத்துத்தான்.

முன்கூட்டிய ஊகமே இல்லாமல் தேட உதவுவது மரபுத்தொடர் வாசிப்பு. செடி தன்னைக் காத்துக்கொள்ள, நுழைந்த வைரஸின் ஆர்.என்.ஏ.வை 21 முதல் 24 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்குகிறது. அத்துண்டுகளை லட்சக்கணக்கில் படித்து, கணினியில் ஒட்டுச்சேர்த்தால் வைரஸின் முழுத்தொடரே வெளிப்படும். ஒரே செடியில் இரண்டு வைரஸ்கள் இருப்பதும் இதில் தெரிந்துவிடும். சோயாவுக்கு இது சிறிய செய்தி அல்ல: தேமல், காய்த் தேமல் இரண்டும் சேர்ந்து தாக்கும்போது பாதிப்பு தனித்தனியாக வருவதைவிடக் கடுமையாகிறது.

ஆனால் இலையில் ஒரு புதிய வைரஸின் தொடர் கிடைத்துவிட்டதால் நோய்க்குக் காரணம் அதுவே என்று ஆகிவிடாது. அது எந்தத் தீங்கும் செய்யாமல் தங்கியிருக்கலாம். நலமான செடியில் அதை ஏற்றி, அதே நோயை வரவழைத்துக் காட்ட வேண்டும். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ்கள் பல சாற்றைத் தேய்ப்பதால் எளிதில் தொற்றுவதில்லை. அவற்றின் டி.என்.ஏ.வை நகலெடுத்து, அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவின் வழியாகச் செடிக்குள் செலுத்துகிறார்கள். மஞ்சள் தேமல் வைரஸின் மரபுப்பொருள் இரு தனி வளையங்களாக இருப்பதால், இரண்டையும் சேர்த்தே செலுத்த வேண்டியிருக்கிறது.