ஆஃப் இன்ஜின்தானே போட்டாங்க!

போன வாரம் ஒரு மாருதி ஆல்ட்டோ கார் என் பட்டறைக்கு வந்தது. 2010 மாடல், டி.என். 59, மதுரை வண்டி. பதினைந்து வருஷம் முடிந்துவிட்டதால் ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எடுத்துப் போயிருக்கிறார் ஓனர். பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, இன்ஜினின் அடிப்பகுதியான பிளாக்கில் குத்தியிருக்கும் நம்பரைப் படித்த ஆய்வாளர், ஆர்.சி.யில் இருப்பது வேறு நம்பர் என்று திருப்பி அனுப்பிவிட்டார். நேராக என்னிடம் வந்து நின்றவர் சொன்ன முதல் பேச்சு இது: "அண்ணே, நான் இன்ஜினே மாத்தலை. ஆஃப் இன்ஜின்தானே போட்டாங்க!"

இந்த வருஷத்தில் இதே வசனத்தை நான் கேட்பது நாலாவது தடவை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆஃப் இன்ஜின் என்றால் ஏதோ பாதி, ஏதோ கொசுறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். மேலே இருக்கும் ஹெட் மட்டும் உங்களுடையதாக இருக்கும். அதற்குக் கீழே பிளாக், கிராங்க், பிஸ்டன் எல்லாமே வேறு வண்டியிலிருந்து வந்தவை. இன்ஜின் நம்பர் குத்தியிருப்பது அந்த பிளாக்கில்தான். ஆக, கார் உங்களுடையது, நம்பர் ஊர் பேர் தெரியாத ஒருவருடையது. அவர் வண்டி விபத்தில் போனதா, வெள்ளத்தில் போனதா, திருடு போனதா என்று உங்களுக்குத் தெரியாது. பட்டறைக்காரர் வாயில் அது ஆஃப் இன்ஜின். சட்டத்தின் கண்ணுக்கு இன்ஜினை மாற்றியதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவைப் பாருங்கள். இன்ஜினை மாற்ற முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் மாற்றிவிட்டால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து, ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இதற்கெல்லாம் அந்த இன்ஜினை வாங்கிய பில் வேண்டும். இவரிடம் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் பால்பாயிண்ட் பேனாவில் 38,000 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு. கடை பேர்கூட இல்லை.

சரி, இது காகிதப் பிரச்சினை, அலைந்தால் தீரும். எனக்கு ஆத்திரம் வந்தது வேறு விஷயத்துக்கு. அந்த வண்டிக்கு ஆஃப் இன்ஜின் தேவைப்பட்டதா என்றே யாரும் பார்க்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்தி, மே மாசம். குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்பியிருக்கிறார். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறுகிறபோது உள்ளே ஐந்து பேர், ஏ.சி. ஓடுகிறது, ஹீட் முள் மேலே போகிறது. ஓரம் கட்டி இரண்டு பாட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி ஏற்றம். இன்னும் இரண்டு பாட்டில், மறுபடி ஏற்றம். மலையிலிருந்து வண்டி இறங்கியது டோ வண்டியின் முதுகில். பட்டறையில் ஆயில் மூடியைத் திறந்திருக்கிறார்கள், உள்ளே ஜிகர்தண்டா நிறம். "இன்ஜின் போச்சு சார். வேலை பாக்குறது தண்டச் செலவு. ஆஃப் இன்ஜின் வச்சிருவோம்." அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

"ஹெட்டைக் கழற்றிக் காட்டினாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. மூடியைத்தான் காட்டினாங்க."

ஆயிலில் தண்ணீர் கலந்தால் அந்த நிறம் வரும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் மட்டும் போயிருக்கலாம். ஹெட் வளைந்திருக்கலாம். கூடவே, பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் போரும் சூட்டில் கீறியிருக்கலாம். பிளாக்கே விரிசல் விட்டிருக்கலாம். நாலுக்கும் செலவு வேறு வேறு. எது என்று உறுதியாகத் தெரிய ஹெட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். கழற்றிய ஹெட்டைத் துடைத்து, கவிழ்த்து மேஜையில் வைத்து, நேரான இரும்புப் பட்டையை அதன் முகத்தில் குறுக்கே நிறுத்தி, அடியில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்ப்போம். 0.05 மில்லிமீட்டர் தகடு, தலைமுடியைவிட மெல்லியது, அது தாராளமாகப் போய் வந்தால் ஹெட் வளைந்துவிட்டது என்று அர்த்தம். லேத்தில் கொடுத்து, முகத்தைச் சீவிச் சமமாக்கும் ஃபேஸிங் அடித்தால் ஒரு அளவு வரைக்கும் சரியாகிவிடும். அடுத்து போர். உள்சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், மாட்டினால் கீறல். மாட்டவில்லை என்றாலும் கேஜ் வைத்து அளந்துதான் சொல்ல வேண்டும்.

இதை ஓனர் நின்று பார்க்க வேண்டும். வாட்ஸ்ஆப்பில் போட்டோ அனுப்புங்கள் என்று சொல்லாதீர்கள். கல்யாண வீட்டுக்குப் புடவை எடுக்க நாலு மணி நேரம் நிற்கிறோம். இதற்கு ஒரு மணி நேரம் நில்லுங்கள், டீ நான் வாங்கித் தருகிறேன்.

எங்கள் பட்டறைக் கணக்கில் இந்த மாதிரி மூன்று சிலிண்டர் மாருதிக்கு கேஸ்கட், ஃபேஸிங், வால்வு வேலை எல்லாம் சேர்த்து 12,000 முதல் 15,000 ஆகும். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர், அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், பேரிங் என்று கீழே முழுசாக இறங்கினால் 35,000 முதல் 45,000. இடத்துக்கு இடம் இது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் எந்த வேலை என்று தெரியாமல் தொகையை மட்டும் சொல்கிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

"பழைய இன்ஜின்னாலும் நல்லா ஓடினதுண்ணே" என்பார்கள். நல்லா ஓடினது என்றால் ஏன் காயலாங்கடைக்கு வந்தது? இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்பதில்லை. தர்பூசணி விற்பவர்கூட ஒரு துண்டு வெட்டிக் காட்டுவார். பின்னால் அடிபட்டு நொறுங்கிய வண்டியின் இன்ஜின் என்றால் யோகம். அது நிஜமாகவே நல்ல இன்ஜினாக இருக்கும். முன்னால் அடிபட்டது என்றால் சந்தேகம். தண்ணீரில் மூழ்கியது என்றால் தொடவே கூடாது. 2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி என்று எத்தனை கார் மூழ்கியது என்று பார்த்தோம். அந்த இன்ஜின்களெல்லாம் ஆவியாகிப் போய்விடவில்லை. வெளியே பளபளவென்று கழுவி வந்த ஒன்றை நான் பிரித்தேன். ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் விரல் கனத்துக்கு வண்டல்.

இத்தனை கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்பது இன்னொரு கதை. கிலோமீட்டர் காட்டும் மீட்டர் டேஷ்போர்டில் இருக்கிறது. இன்ஜினைத் தனியாக இறக்கிய பிறகு அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதற்கு விற்பவரின் வாய்தான் சாட்சி.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து, முதல் இன்ஜினைக் கொன்றது எது என்று பார்க்காமலே இரண்டாவதை அதே இடத்தில் உட்கார வைப்பது. இந்த ஆல்ட்டோவின் ரேடியேட்டரை நான் கழற்றிக் கவிழ்த்தபோது மஞ்சள் கஞ்சி மாதிரி ஒழுகியது. எப்போதோ சின்ன லீக் இருந்திருக்கிறது, அதை அடைக்க யாரோ மஞ்சள்தூள் போட்டிருக்கிறார்கள். அதன் மேல் வருஷக்கணக்காக போர்வெல் தண்ணீர். நம் பக்கத்து போர் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தாலே வெள்ளை படியும். ரேடியேட்டர் குழாய்க்குள் அது என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 38,000 ரூபாய் இன்ஜின் அதே அடைத்த ரேடியேட்டரோடு இரண்டு வருஷம் ஓடியிருக்கிறது. இப்போது ஆயிலும் குடிக்கிறது.

எங்கள் தொழில்காரர்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். "நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை" என்று, ரேடியேட்டர் தண்ணீரைச் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிற பழக்கத்தை எப்போது விடப்போகிறோம்? கம்பெனிக்காரன் வேலை இல்லாமலா அதை வைத்தான்?

அடுத்தது பணக் கணக்கு. "வண்டி வித்தா ஒன்றரை லட்சம்கூட வராது, அதுக்குப் போய் நாற்பதாயிரமா?" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் விற்கப்போவது யார்? நீங்கள் ஓட்டப்போகிறீர்கள். அப்படியானால் வண்டி விலையை விட்டுவிடுங்கள், இதை விட்டால் வேறு என்ன வாங்குவீர்கள், அதற்கு என்ன ஆகும் என்று பாருங்கள். இரண்டு லட்சத்துக்கு இன்னொரு பழைய கார் வாங்கினால் பெயர் மாற்றம், டயர், பேட்டரி, கிளட்ச் என்று வரிசையாக வரும். அதன் இன்ஜின் எந்த மலையில் கொதித்தது என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் வண்டியின் சரித்திரம் முழுக்க உங்களுக்குத் தெரியும். நாற்பதாயிரத்தை நாலு வருஷத்துக்குப் பிரித்தால் மாசம் ஆயிரம்கூட வராது. பில்லோடு செய்த இன்ஜின் வேலை, ஒழுங்காகக் கூலன்ட் ஊற்றினால், அந்த நாலு வருஷத்தைத் தாராளமாகத் தாண்டும்.

அதற்காக எல்லா வண்டிக்கும் செலவு செய்யுங்கள் என்று சொல்லவில்லை. இன்ஜினை மறந்துவிட்டு மற்றதைப் பாருங்கள். கால்மிதியைத் தூக்கித் தரையைத் தட்டுங்கள், கதவுக்கு அடியில் ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். துரு பொலபொலவென்று கொட்டினால் அந்த வண்டியில் ஒரு ரூபாய் போடாதீர்கள். ஆர்.சி. முடியப் போகிறதா என்றும் பாருங்கள். பதினைந்து வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆக்கினார்கள், இருபது வருஷம் தாண்டியதற்கு இப்போது இன்னும் அதிகம், பசுமை வரி தனி. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கை கழுவுவது என்று முடிவானால், காயலாங்கடையில் தள்ளிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஆர்.சி. உங்கள் பேரில்தான் நிற்கும். 55ஆம் பிரிவுப்படி தெரிவித்து, ரத்து செய்யுங்கள்.

பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கிறது, மற்றபடி வண்டி தங்கம் என்றால், அங்கே பழைய இன்ஜின் சரியான முடிவுதான். நானே மாட்டிக் கொடுத்திருக்கிறேன். கடை பெயரும் இன்ஜின் நம்பரும் போட்ட பில், அது எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் ஆர்.சி. நகல், இரண்டும் கைக்கு வந்த பிறகு பணம். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சம்ப்பைக் கழற்றிப் பார்க்க விடமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். மாட்டுவதற்கு முன்னாலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வண்டிக்குள் ஏறிய பிறகு ரேடியேட்டர், ஹோஸ், மூடி, ஃபேன் ஸ்விட்ச் எதையும் பழையதோடு விடாதீர்கள். உங்கள் பழைய பிளாக்கை, உடைந்திருந்தாலும், கேட்டு வாங்கி வீட்டில் போடுங்கள்.

சூடேறிப் போன இன்ஜினுக்கு சாதாரண இன்சூரன்ஸ் பொதுவாகத் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மோதினால் விபத்து; கொதித்தால் அது உங்கள் கவனக்குறைவு.

முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்துங்கள். மூடியைத் தொடாதீர்கள், முகம் வெந்துவிடும். முக்கால் மணி நேரமாவது ஆறட்டும். கொதிக்கிற இன்ஜினில் ஜில் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்து, முள் மறுபடி ஏறினால் அதற்கு மேல் ஒரு அடிகூட ஓட்டக்கூடாது. "சமயநல்லூர் வந்துட்டோம்ணே, இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று எனக்கு வந்த போன்களில் பாதிப் பேர் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் இன்ஜினைத் தொலைத்தார்கள். டோ வண்டிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் ஆகட்டும். தயவுசெய்து கூப்பிடுங்கள். ராத்திரி பதினொரு மணி ஆனாலும் எடுப்பேன்.

ஆல்ட்டோக்காரரிடம் கடைசியாக, "உங்க பழைய பிளாக் எங்கே சார்?" என்று கேட்டேன். அதில் அவர் ஆர்.சி.யில் உள்ள நம்பர் இருக்கிறது. வெறும் கேஸ்கட்தான் போயிருந்தது என்றால் அதையே தயார் செய்து திரும்ப உட்கார வைத்திருக்கலாம். "அவங்களே எடுத்துக்கிட்டாங்கண்ணே" என்றார். நேற்று போன் செய்தார். அதை அப்போதே இரும்பு விலைக்குப் போட்டுவிட்டார்களாம். பில்லாவது தருகிறோம், சனிக்கிழமை வாங்க என்றிருக்கிறார்கள். ரேடியேட்டரை மட்டும் நான் மாற்றி வைத்துவிட்டேன். வண்டி இன்னும் என் பட்டறை மூலையில்தான் நிற்கிறது.