விண்டோஸை வேகமான டிரைவுக்கு மாற்ற வேண்டுமா?

"கணினி மெதுவாகிவிட்டது, என்விஎம்இ போட்டுத் தாருங்கள்" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, விண்டோஸ் இப்போது எதில் இருக்கிறது என்பதைத்தான். என்விஎம்இ என்பது, சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி டிரைவுகளில் வேகமான வகை. பலருக்கும் தெரிவதில்லை. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பகுதியைத் திறந்தால் ஹார்டு டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்று அங்கேயே எழுதியிருக்கும்.

ஹார்டு டிஸ்க் என்றால் தயங்கவே வேண்டாம். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டில் ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்கவே 10 மில்லிநொடிக்கு மேல் ஆகும். தொடங்கும்போது விண்டோஸ் எண்ணற்ற சிறு கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கிறது. காத்திருப்பின் பெரும்பகுதி இந்தத் தேடலில்தான் போகிறது. சாட்டா என்ற பழைய இணைப்பில் இயங்கும் விலை குறைந்த எஸ்எஸ்டியே அதை ஒழித்துவிடும்.

ஏற்கெனவே சாட்டா எஸ்எஸ்டி இருந்தால் கதை வேறு. சாட்டாவின் நொடிக்கு 550 எம்பி எங்கே, என்விஎம்இயின் 3500 எம்பி எங்கே என்று பெட்டியைக் காட்டுவார்கள். அந்த வேகம் பெரிய கோப்பை ஒரே மூச்சில் படிக்கும்போது கிடைப்பது; வீடியோ தொகுப்பவருக்கு உதவும். சிறு கோப்புகளில் இரண்டுக்கும் அவ்வளவு இடைவெளி இல்லை. விண்டோஸ் சில நொடிகள் முன்னதாகத் திறக்கும், அவ்வளவே. 4 ஜிபி ரேமோடு திணறும் கணினிக்கு அந்தப் பணத்தில் ரேம் வாங்குவதே மேல்.

எஸ்எஸ்டியை மதர்போர்டில் நேரடியாகச் செருகும் எம்.2 துளை இருப்பதாலேயே என்விஎம்இ ஏறிவிடாது. சாட்டா வகையை மட்டும் ஏற்கும் துளைகளும் உண்டு. பழைய மதர்போர்டுகள் சிலவற்றில், கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸுக்கு என்விஎம்இயிலிருந்து தொடங்கவே தெரியாது. கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மாற்றுவது என்று முடிவானால், முதல் வேலை, டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரைப் பார்ப்பது. பல மடிக்கணினிகளில் உரிமையாளர் அறியாமலே குறியாக்கம் இயங்கிக்கொண்டிருக்கும். வேலை நடுவே 48 இலக்க மீட்புச் சாவியைத் திரை கேட்கும்போதுதான் முகம் வெளிறும். பெரும்பாலும் அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முன்பே எடுத்து எழுதி வையுங்கள்.

பழைய டிஸ்க் கடகடவென்று சத்தமிட்டாலோ, பரிசோதனையில் பழுதான செக்டர்கள் தென்பட்டாலோ குளோன் செய்யக் கூடாது, அதாவது டிஸ்க்கை அப்படியே புதியதற்கு நகலெடுக்கக் கூடாது. முழு டிஸ்க்கையும் படிக்கவைக்கும் அந்த வேலையிலேயே அது உயிரை விட்டுவிடக்கூடும். முக்கியமான கோப்புகளை முதலில் வெளியே எடுத்துவிட்டு, புதிய டிரைவில் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே நல்லது.

குளோன் முடிந்ததும் பழையதைக் கழற்றிவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். அதை உடனே அழித்துவிட வேண்டாம். சில மென்பொருள்களின் உரிமம் டிஸ்க்கின் வரிசை எண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கும். மாதக் கடைசியில் கணக்கு முடிக்க உட்காரும்போதுதான், புதிய டிரைவில் அந்த மென்பொருள் உரிமத்தை ஏற்கவில்லை என்பது தெரியவரும்.