சமையல் மேடைப் பலகை வளைந்தால் உடனே இழைக்காதீர்கள்

புதுச்சேரியில் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களில் சிலர் இப்போது சமையல் மேடைக்குக் கிரானைட் வேண்டாம், தேக்குப் பலகை போடுங்கள் என்கிறார்கள். அழகுதான். ஐப்பசி மழை வலுத்ததும் "பலகை தூக்கிக்கிச்சு, நிஜமாவே தேக்குதானா?" என்று எனக்குப் போன் வரும்.

பெரும்பாலும் தேக்குதான். பொருத்திய விதத்தில்தான் கோளாறு.

காய்ந்த மரமும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கும், விடும். நீளவாக்கில் அனேகமாக அசையாது, அகலவாக்கில்தான் விரிந்து சுருங்கும். சூளையில் 10 சதவீத ஈரத்துக்கு உலர்த்திய தேக்கு, நம் கடற்கரை ஈரத்தில் 15 சதவீதத்துக்குப் போனால், 60 செ.மீ. அகல மேடை, மரத்தின் ரேகை ஓடும் விதத்தைப் பொறுத்து 3 முதல் 5 மி.மீ. வரை அகலும். இத்தனைக்கும் தேக்கு குறைவாக அசையும் மரம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஈரம் ஏறினால் பலகை தட்டையாகவே இருக்கும். ஒரு பக்கம் மட்டும் ஏறினால் அந்தப் பக்கம் புடைக்கும், எதிர்ப்பக்கம் குழியும்.

முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டு மேடை முன்விளிம்பிலும் சுவரோரத்திலும் தூக்கி, நடுவே தண்ணீர் தேங்கி நின்றது. அலுமினியப் பட்டியைக் குறுக்கே வைத்தால் அடியில் ஐந்து ரூபாய்க் காசு தாராளமாக நுழைந்தது. "மேல மூணு கோட் பாலிஷ் அடிச்சிருக்கே தம்பி" என்றார் அந்த அம்மா. கீழே கபோர்டைத் திறந்து கைவிட்டுத் தடவினேன். அடிப்பக்கம் பூச்சே இல்லாமல் சொரசொரவென்று இருந்தது. சிங்க் குழாயில் கசிவு வேறு. மேலே பாலிஷ் தடுக்க, ஈரமெல்லாம் கீழ்வழியாக ஏறியிருக்கிறது. போதாக்குறைக்கு, பலகையைக் கபோர்டோடு பிடிக்கும் எல் ஆங்கிள்களில் ஸ்க்ரூவை அசையவிடாமல் முறுக்கியிருந்தார்கள். கோடையில் சுருங்க வழியில்லாமல் ஒரு ஒட்டு பிளந்தும் இருந்தது.

இந்த நிலையில் தூக்கிய ஓரத்தை இழைத்துச் சமன் செய்தால் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஈரம் இறங்கிப் பலகை பழைய நிலைக்குத் திரும்பும்போது சீவிய ஓரம் தாழ்ந்து நடு மேடாகிவிடும். அதனால் முதலில் கசிவை அடைத்துவிடுங்கள். பலகையைக் கழற்றி, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி கட்டைகள்மேல் நிழலில் வையுங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும். மரத்தின் ஈரத்தை அளக்கும் மாய்ஸ்சர் மீட்டர் மேலும் கீழும் ஒரே எண்ணைக் காட்டும்வரை பொறுக்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். அதற்குப் பிறகும் வளைவு மிஞ்சினால் சரி, இழைக்கலாம்.

திரும்பப் பொருத்துமுன் மேலே எத்தனை கோட்டோ அடியிலும் விளிம்பிலும் அதே பூச்சு அத்தனை கோட். சிங்க்குக்கு வெட்டிய திறப்பில் ரேகையின் முனை தெரியும் இடம்தான் ஈரத்தை அதிகம் குடிக்கும், அங்கே இன்னும் ஒரு கோட் கூடவே அடியுங்கள். ஆங்கிளில் அகலவாக்கில் நீள்துளை போட்டு, வாஷர் வைத்து, பலகை நகரும் அளவுக்கு ஸ்க்ரூவை முடுக்குங்கள். உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ. சுவரோரம் 5 மி.மீ. இடைவெளி. கபோர்டோடு பசை வைத்து ஒட்டவே கூடாது.

கறுத்துப்போய், உளி நுனி மெத்தென்று இறங்கும் இடம் உலர்த்தினாலும் தேறாது. சிங்க்கைச் சுற்றி அந்த அளவை வெட்டிவிட்டுக் கிரானைட் போடுங்கள், மீதிப் பலகை இருக்கட்டும்.