ஸ்பானிஷ் வினை குஸ்தாரைத் தமிழ் வழியாகப் படியுங்கள், இங்கிலீஷ் வழியாக வேண்டாம்

இந்த வாரமும் ஒரு பெண் வந்தாள். மன்னார்குடிப் பக்கம், பி.இ. முடித்தவள். ஸ்பானிஷ் தெரிந்தால் கஸ்டமர் சப்போர்ட் வேலையில் சம்பளம் கூடக் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதை நம்பி மாதக்கணக்கில் மொபைல் ஆப்பில் படித்திருக்கிறாள். ஓய்வு நேரத்தில் உனக்கு என்ன செய்யப் பிடிக்கும் என்று ஸ்பானிஷில் கேட்டேன். எனக்குப் படிக்கப் பிடிக்கும் என்று சொல்ல நினைத்து "யோ குஸ்தோ லேயேர்" என்றாள். சென்னையில் ஒரு இன்டர்வியூவிலும் இதே பதிலைச் சொல்லி முதல் சுற்றோடு திரும்பியிருக்கிறாள். அங்கே அவளுக்கு யாரும் தப்பு எது என்று சொல்லவில்லை. கும்பகோணத்தில் உட்கார்ந்து ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இந்த 'யோ குஸ்தோ'வைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

எங்கிருந்து வருகிறது இது? குஸ்தார் என்றால் லைக் என்று ஆப் சொல்கிறது. ஐ என்றால் யோ. ஐ லைக், ஆகவே யோ குஸ்தோ. திருத்தினால் உடனே, "ஸ்பானிஷில் இந்த வினை மட்டும் தலைகீழா வரும்னு வீடியோல சொன்னாங்க சார், அதான் குழப்பமா இருக்கு" என்கிறார்கள். யாருக்குத் தலைகீழ்? இங்கிலீஷ்காரருக்கு! நீங்கள் பிறந்ததிலிருந்து 'நான் காபி பிடிக்கிறேன்' என்றா சொல்கிறீர்கள்? எனக்குக் காபி பிடிக்கும். ஸ்பானிஷிலும் அதேதான்: மே குஸ்தா எல் கஃபே. மே என்பது எனக்கு. தே என்பது உனக்கு. லே என்பது அவனுக்கு, அவளுக்கு. நோஸ் என்பது எங்களுக்கு. இங்கிலீஷ் பேசி வளர்ந்தவர்கள் முட்டி மோதிக் கற்கிற ஒன்று உங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. அதை விட்டுவிட்டு, இருக்கிற வழியை அடைத்துக்கொண்டு, ஏன் இங்கிலீஷைச் சுற்றிக்கொண்டு வருகிறீர்கள்?

"எனக்கு இங்கிலீஷே சரியா வராது சார், ஸ்பானிஷ் எங்க வரப்போகுது" என்று தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் தயங்குவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. தம்பி, இந்த இடத்தில் உனக்குத்தான் வசதி. பிடிப்பதை 'எனக்கு' என்று சொல்லும் இதே காரணத்தால் யாராவது "எனக்குப் பிடிக்கும்" என்றால் 'நானும்' என்று சொல்லாமல் 'எனக்கும்' என்கிறோம். ஸ்பானிஷிலும் அ மீ தம்பியேன், யோ தம்பியேன் கிடையாது. பிடிக்காது என்றால் அ மீ தம்போக்கோ. தமிழில் யோசித்தால் தானாக வந்து விழும்.

சரி, தமிழ் எதுவரை கைகொடுக்கும்? நமக்குப் பிடித்தது ஒன்றாக இருந்தாலும் பத்தாக இருந்தாலும் 'பிடிக்கும்'தான். ஸ்பானிஷில் அப்படி இல்லை. மே குஸ்தா எல் கஃபே, ஆனால் மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ். பிடித்த பொருள்தான் அங்கே எழுவாய், வினை அதற்குத்தான் இணங்கும். இதற்காகவே நான் வகுப்பில் குஸ்தாரைத் தொடுவதற்கு முன் தோலேரை எடுத்துவிடுவேன், வலி. மே துவேலே லா கபேசா, எனக்குத் தலை வலிக்கிறது. நாள் முழுக்க நாற்று நட்டுவிட்டு வருகிற அம்மாவுக்குக் கால்கள் வலிக்கின்றன: அ மி மாத்ரே லே துவேலென் லாஸ் பியேர்னாஸ். வலிக்கிறது, வலிக்கின்றன, துவேலே, துவேலென். எழுத்துத் தமிழில் ஒருமை பன்மை பார்க்கத் தெரிந்தவருக்கு இது 5 நிமிட வேலை. அப்புறம் குஸ்தாரை அதன் பக்கத்தில் உட்கார வைத்துவிடலாம். எங்காந்தார் (ரொம்பப் பிடிப்பது), இந்தெரெசார் (ஆர்வம் தருவது), ஃபல்தார் (இல்லாமல் குறைவது), பாரெசேர் (தோன்றுவது) எல்லாம் அதே குடும்பம்தான். மே பாரெசே பியேன் என்றால் எனக்குச் சரியாகப் படுகிறது.

அந்த அம்மா வாக்கியத்தில் ஒரு 'லே' இருக்கிறது, பார்த்தீர்களா? 'அம்மாவுக்கு' என்று சொன்ன பிறகும் 'அவளுக்கு' என்று இன்னொரு முறை வருகிறது. நமக்கு அது தேவையில்லாதது போலத் தோன்றும், அதனால் விட்டுவிடுவீர்கள். விடாதீர்கள். கஃபேக்கு முன்னால் வரும் 'எல்' என்ற சொல்லையும் விழுங்காதீர்கள், மே குஸ்தா கஃபே தப்பு. படிக்கவும் பாடவும் பிடிக்கும் என்று இரண்டு செயலைச் சொன்னாலும் வினை ஒருமையிலேயே நிற்கும்: மே குஸ்தா லேயேர் இ காந்தார். ஸ்பானிஷ் சான்றிதழுக்கான டெலே தேர்வு எழுதப் போகிறவர்கள் கவனியுங்கள், தொடக்க நிலையான ஏ1 நிலையிலேயே பிடித்தது பிடிக்காததைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆட்களைப் பற்றிப் பேசும்போதுதான் எனக்குப் பயம். எனக்கு என் மேனேஜரைப் பிடிக்கும் என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். அதையே மே குஸ்தா மி ஹேஃபே என்றால் கேட்பவருக்குக் காதல் விவகாரம் போலத் தோன்றும். மே குஸ்தாஸ் என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதும் அப்படித்தான். நல்ல மனுஷன், பழகப் பிடிக்கிறது என்ற பொருளில் சொல்ல மே காயே பியேன் இருக்கிறது. வேலைக்குப் போகிற பிள்ளைகள், முக்கியமாகப் பெண்கள், தயவுசெய்து இதை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

தமிழில் 'எனக்கு' வருகிற இடத்திலெல்லாம் மே போட்டுவிடவும் கூடாது. எனக்குப் பசிக்கிறது என்பதற்குத் தெங்கோ ஆம்ப்ரே, தாகத்துக்குத் தெங்கோ செத். எனக்கு ஒரு காபி வேண்டும் என்றால் கியேரோ உன் கஃபே. இவற்றில் ஆள்தான் எழுவாய். நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்கி, 'எனக்கு' வருகிற தமிழ் வாக்கியங்களை எழுதி, எது மே வாங்குகிறது, எது வாங்குவதில்லை என்று பிரித்து வையுங்கள். இங்கிலீஷுக்கு அந்த நோட்டில் இடம் வேண்டாம். மன்னார்குடிப் பெண்ணுக்கும் அதைத்தான் வீட்டுப்பாடமாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.