அந்தக் கக்கூஸை யாரு கழுவுவா? வெளிநாட்டுக் கேரவன் பயணத்துக்கு முன்னால்

போன தை மாதம் பள்ளத்தூரிலிருந்து ஒரு குடும்பம் காரைக்குடியில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தது. மகன், மருமகள், மகள், மாப்பிள்ளை, இரண்டு பேரப்பிள்ளைகள், நடுநாயகமாக ஆச்சி. நியூசிலாந்தின் தென் தீவைப் பன்னிரண்டு நாள் கேரவனில் சுற்றிவர வேண்டுமாம். மகன் கைபேசியில் படம் படமாகக் காட்டினார். ஏரிக்கரை, பனிமலை, வண்டிக் கதவைத் திறந்துவைத்துக் காப்பி குடிக்கும் ஒரு ஜோடி. ஆச்சி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, உள்ளயே கக்கூஸு இருக்குங்கிறீக. அதை யாரு கழுவுவா?"

மகனுக்குச் சங்கடம். எனக்குச் சந்தோஷம். பதினெட்டு வருடமாக டிக்கெட்டும் விசாவும் போட்டுக் கொடுக்கிறேன். கேரவன் கேட்டு வந்தவர்களில் சரியான இடத்தில் ஆரம்பித்தது ஆச்சி ஒருவர்தான். மற்ற எல்லோரும் வரைபடத்தோடு வருவார்கள். எந்த ஊர், எத்தனை அருவி, எங்கே போட்டோ நன்றாக வரும் என்று. நம் பக்கத்திலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிற கூட்டம் வழியில் இருக்கும் காட்சியைப் பேசியா கிளம்புகிறது? எந்த ஊரில் தங்கல், தண்ணீர் எங்கே, அடுப்பு யார் பொறுப்பு என்பதுதான் முதல் பேச்சு. கேரவனும் அப்படித்தான். அது சுற்றுலா வண்டி இல்லை, பன்னிரண்டு நாள் குடித்தனம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கானாடுகாத்தான் தெருக்களில் ஷூட்டிங் நடக்கும்போது நிற்கிற வண்டியைப் பார்த்து நாம் கேரவன் என்கிறோம். வெளிநாட்டில் கேரவன் என்றால் என்ஜின் இல்லாமல், காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற வீடு. நாமே ஓட்டிப் போகிற வண்டிக்குப் பெயர் மோட்டார்ஹோம், சின்னதாக இருந்தால் கேம்பர்வேன். முதல் தடவை போகிறவர்கள் இழுவை வண்டிப் பக்கமே போக வேண்டாம். அதை ரிவர்ஸ் எடுப்பது தனிக் கலை.

ஏழு பேர் என்றதும் நான் சொன்னது, "ரெண்டு வண்டி". ஆறு படுக்கை உள்ள வண்டி கிடைக்கும். ஆனால் படுக்கை ஒரு கணக்கு, சீட் பெல்ட் ஒரு கணக்கு. சில வண்டிகளில் படுக்கையைவிட பெல்ட் குறைவாக இருக்கும். பெல்ட் இல்லாமல் ஒருவரைக்கூட உட்காரவைக்க முடியாது. "மடியில வச்சுக்கிறோம்" என்பது அங்கே நடக்காது. நியூசிலாந்தில் ஏழு வயது நிறையும்வரை குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். அதை வண்டியோடு சேர்த்தே பதிவு செய்துவிடுங்கள். படுக்கையிலும் ஒன்றைக் கவனியுங்கள். டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கும் பரணுக்கு ஏணி வைத்து ஏற வேண்டும். முட்டி வலி உள்ள ஆச்சியை அங்கே ஏற்ற முடியாது.

இனி அந்தக் கேள்வி. கழிப்பறைக்கு அடியில் கேசட் என்று ஒரு பெட்டி இருக்கும், சுமார் 20 லிட்டர் பிடிக்கும். நாலு பேர் இருந்தால் இரண்டு நாளில் நிரம்பும். நாம் காகிதத்தோடு நிற்காமல் தண்ணீரும் ஊற்றுகிற ஆட்கள் என்பதால் இன்னும் சீக்கிரம். அதை வெளிப்பக்கக் கதவு வழியாக உருவி, டம்ப் ஸ்டேஷன் என்ற இடத்தில் மட்டும் கொட்டிக் கழுவி, மருந்து ஊற்றித் திரும்ப வைக்க வேண்டும். வாடகை கொடுத்தவர்தான் செய்ய வேண்டும், ஆள் கிடையாது. பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் வேறொரு தொட்டியில் சேரும். அதையும் அங்கேதான் திறந்துவிட வேண்டும். நல்ல தண்ணீர்த் தொட்டி பெரிய வண்டியிலேயே 100 லிட்டர் அளவில்தான் இருக்கும். வீட்டில் குளிக்கிற மாதிரி மூன்று பேர் குளித்தால் காலி. அதனால் குளியலை முகாமின் பொதுக் குளியலறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காகத்தான் ஹாலிடே பார்க் என்ற கட்டண முகாமை இரண்டு இரவுக்கு ஒரு தடவையாவது திட்டத்தில் சேர்க்கச் சொல்கிறேன். மின்சாரம், சுடுதண்ணீர், பொதுச் சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் இருக்கும். "எங்க வேணா நிப்பாட்டித் தூங்கலாமாமே" என்று கேட்பவர்களுக்கு: முடியாது. நியூசிலாந்தில் 2023ல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். உள்ளேயே நிலையாகப் பொருத்திய கழிப்பறை இருந்து, அதற்கான பச்சை நிறச் சான்று ஒட்டிய வண்டிதான் இலவச இடங்களில் பொதுவாக நிற்கலாம். அதிலும் உள்ளூர் நிர்வாகம் தடுத்த இடத்தில் நின்றால் அபராதம்.

சமையல் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். வண்டியின் பேட்டரி விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும்தான். மிக்ஸி, ரைஸ் குக்கர் எல்லாம் முகாமில் மின் இணைப்பு கொடுத்தால்தான் ஓடும். ஐரோப்பாவில் பல முகாம்களில் 6 ஆம்பியர் இணைப்புதான். 230 வோல்ட்டில் பெருக்கினால் 1,380 வாட். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டால் டிரிப் ஆகிவிடும். எரிவாயு அடுப்பு இருக்கிறது, சோறு வடிக்கலாம், ரசம் வைக்கலாம். ஆனால் மிளகாயும் சோம்பும் தாளித்தீர்கள் என்றால் புகை அலாரம் அடிக்கும். அது அடங்கினாலும் வாசனை மெத்தையில் ஏறிவிடும். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது சுத்தம் செய்யும் கட்டணம் கேட்க வாய்ப்பு உண்டு. தாளிப்பைப் பொதுச் சமையலறையில் வைத்துக்கொள்ளுங்கள். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கொண்டுபோகிற பலகாரம் அடுத்தது. தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, பருப்புப்பொடி, கல்பாசி, மராட்டி மொக்கு, எதுவானாலும் நியூசிலாந்துப் பயண அறிவிப்புப் படிவத்தில் "உணவு இருக்கிறது" என்று எழுதிவிடுங்கள். எழுதிக் காட்டினால், கூடாததை எடுத்து வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். மறைத்து மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். பச்சைக் கறிவேப்பிலை, தேன், உப்புக்கண்டம் மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மண் ஒட்டிய செருப்பும் கணக்கில் வரும், கழுவிக்கொண்டு போங்கள். பெரிய சூட்கேஸ் வேண்டாம். வண்டிக்குள் அதை வைக்க இடமே கிடையாது. மடிக்கிற துணிப்பைதான் சரி.

லைசென்ஸ் பற்றிச் சுருக்கமாக. நம் எல்எம்வி, அதாவது இலகுரக வாகன உரிமம், இங்கே 7,500 கிலோ எடை வரையுள்ள வண்டிக்குச் செல்லும். ஐரோப்பாவில் சாதாரணக் கார் உரிமத்துக்கு 3,500 கிலோதான் எல்லை, அதுவும் ஆட்களும் மூட்டைகளும் ஏறிய பிறகு உள்ள எடை. ஆர்டிஓவில் 1,000 ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வருடம் செல்லும். அசல் லைசென்ஸ் கையில் இல்லையென்றால் அதற்கு மதிப்பில்லை. முதல் பயணத்துக்கு நான் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன் என்று சொல்வது நம்மைப் போல இடதுபக்கம் ஓட்டுகிற நாடுகள் என்பதால்தான். ஏழு மீட்டர் வண்டியும் புதுசு, வலதுபக்கச் சாலையும் புதுசு என்றால் இரண்டையும் ஒரே நாளில் பழக முடியாது. ஐரோப்பாதான் வேண்டும் என்பவர்கள் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஹோட்டல் ரசீதுக்குப் பதிலாக வண்டிப் பதிவையும் முகாம் பதிவுகளையும் வைக்க வேண்டும்.

காப்பீட்டில் நானே சூடுபட்டவன். என் முதல் பயணத்தில், ஒரு ஏரிக்கரை முகாமில், இருட்டிய பிறகு வண்டியைப் பின்னால் எடுத்தேன். என் மனைவி பின்னால் நின்று "வாங்க, வாங்க" என்றாள். அவள் பார்த்தது தரையை. மேலே தாழ்ந்திருந்த கிளை கூரையின் காற்றுத்துளை மூடியைப் பெயர்த்துவிட்டது. வாடகை எடுத்த இடத்தில் முழுக் காப்பீடு என்று பணம் கட்டியிருந்தேன். கூரைச் சேதமும் வண்டியின் அடிப்பாகச் சேதமும் அதில் சேராது என்பது மூன்றாம் பக்கத்தில் இருந்தது. நான் படித்தது முதல் பக்கம். வண்டி எடுக்கும்போது பிணையாகக் கிரெடிட் கார்டில் பிடித்து வைத்திருந்த தொகையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அதனால் சொல்கிறேன்: வண்டியின் உயரத்தை, பெரும்பாலும் மூன்று மீட்டருக்கு மேல் இருக்கும், ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். பின்னால் நிற்பவர் மேலேயும் பார்க்கட்டும். பிடித்து வைக்கும் தொகை பல ஆயிரம் டாலர் ஆகலாம். அந்தக் கார்டு ஓட்டுகிறவர் பெயரில் இருக்க வேண்டும், வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்க வேண்டும். நம் வங்கிகள் புது கார்டை உள்நாட்டுக்கு மட்டும் திறந்துதான் கொடுக்கின்றன.

தூரத்தைப் பொறுத்தவரை என் கணக்கு, கூகுள் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வது. தென் தீவின் கிரைஸ்ட்சர்ச் நகரத்திலிருந்து டெக்காப்போ ஏரி சுமார் 225 கிலோமீட்டர். வண்டி எடுத்த முதல் நாளில் அதுவே ஜாஸ்தி. இரவு விமானத்தில் போய் இறங்கிய கையோடு சாவி வாங்காதீர்கள். ஒரு ராத்திரி ஹோட்டலில் தூங்கிவிட்டு மறுநாள் எடுங்கள். நியூசிலாந்தில் டீசல் வண்டி என்றால் கிலோமீட்டர் கணக்கில் சாலை வரியும் சேரும், அதை வாடகையோடு கூட்டிப் பாருங்கள். நம் கோடை விடுமுறை அங்கே இலையுதிர் காலம், சீக்கிரம் இருட்டிவிடும். ஆறு மணிக்குள் முகாமில் இருக்க வேண்டும்.

பள்ளத்தூர்க் குடும்பத்துக்குப் பன்னிரண்டு ஊரை ஆறு ஊராகக் குறைத்தேன். மகன் முகம் சுளித்தார். ஆச்சி ஒரு தாளில் வேலையைப் பிரித்து எழுதினார்: அடுப்பு மருமகள், தண்ணீர் பேரன், கேசட் மகன். இரண்டாவது வண்டிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. "மாப்பிள்ளையைப் போயி இதைச் செய்யச் சொல்ல முடியுமா தம்பி?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

ஏப்ரலில் கிளம்பிப் போனார்கள். மூன்றாம் நாள் விடியற்காலை மாப்பிள்ளையிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "அண்ணே, கேசட்டுல மருந்து எத்தனை தடவைக்கு ஒருக்கா போடணும்?"

ஒவ்வொரு தடவை காலி செய்ததும் போட வேண்டும் என்று பதில் போட்டேன்.