ஸ்கேனில் ஒன்றுமில்லை, தலைவலி மட்டும் போகவில்லை

"டாக்டரம்மா, இவனுக்குக் கிறுக்கு ஒண்ணும் இல்லல்லா?" என்றுதான் அந்த அம்மா பேச்சையே தொடங்கினார். முக்கூடல் பக்கம், பீடி சுற்றுகிறவர். மகன் ஒன்பதாம் வகுப்பு. ஆறு மாதமாகத் தலைவலி, அதுவும் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரத்தில் மட்டும். ஸ்கேன் எடுத்தாச்சு, மந்திரிச்சாச்சு, கண்ணாடியும் போட்டாச்சு.

நான் மாத்திரை எழுதுகிற டாக்டர் இல்லை, உளவியலாளர். பேசவைத்துக் கேட்பதும் சோதனைகள் செய்து பார்ப்பதும்தான் என் வேலை என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். மாத்திரை தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவோம்.

பையன் வாயே திறக்கவில்லை. முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தான். மூன்றாவது முறை வந்தபோதுதான் சட்டையை ஏற்றினான், கயிறு கிடந்த இடம் மட்டும் வளையமாக வெளுத்திருந்தது. யார் எந்தச் சாதி என்று காட்டுகிற அந்த நிறக் கயிறேதான். இவன் ஒருநாள் அதை அறுத்துப் போட்டுவிட்டான், அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு இவன் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை, சொந்தக்காரப் பையன்கள்கூட.

இந்தத் தலைவலிக்கு என் அறைக்குள் மட்டும் எப்படி வைத்தியம் பார்ப்பது? மூச்சுப் பயிற்சி சொல்லித் தரலாம், சரி, மறுநாள் காலையில் அதே பெஞ்சுக்குத்தானே போகப்போகிறான்.

அறைக்கு வெளியேயும் உளவியலுக்கு வேலை உண்டு. அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி 1940களில் கறுப்பினக் குழந்தைகளிடம் நிறம் மட்டும் வேறான பொம்மைகளைக் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைத் தொட்டார்கள். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னபோது, தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வும் இருந்தது. இங்கேயும் 2021-இல் தன்பாலின இணையர் வழக்கில் தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து விவரம் கேட்டுக்கொண்டார். அவர்களை 'மாற்றுகிறோம்' என்கிற சிகிச்சைக்கு அந்தத் தீர்ப்பில்தான் தடை வந்தது.

நம் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனைச் சாதிப் பகையில் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறுகளுக்குத் தடை கேட்டது. ஆனால் கயிறு போனாலும் பெஞ்சு மாறாது, அதை வகுப்புக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும்.

அம்மாவையும் பையனையும் கேட்டுக்கொண்டு, அவன் பெயர் போடாமல் தலைமையாசிரியருக்கு எழுதினேன்: வாரம் ஒருமுறை இருக்கைகளை மாற்றுங்கள், உதவித்தொகைப் பட்டியலைச் சாதி சொல்லி வகுப்பில் வாசிக்காதீர்கள், சாப்பாட்டு நேரத்தில் ஓர் ஆசிரியர் பிள்ளைகளோடு உட்காரட்டும். இருக்கை மட்டும் இப்போது மாறுகிறது. தலைவலி வாரத்தில் ஒருநாள் இரண்டுநாள் என்று குறைந்திருக்கிறது, இன்னும் போகவில்லை.

உங்கள் பிள்ளைக்கும் பள்ளி நாளில் மட்டும் தலையோ வயிறோ வலித்தால், மதியம் யாரோடு சாப்பிடுகிறான் என்று கேளுங்கள். 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.