கஷீதா: எழுத்தை இழுத்து வரியை நிரப்புவது

கொழும்பு மருதானையில் ஓர் அச்சகத்தில் மத்ரஸாச் சான்றிதழ்களின் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு பெயரில் கண் நின்றது. அறபியில் ‘தாவூத்’ என்று இருக்கவேண்டிய இடத்தில், முதல் எழுத்துக்கும் இரண்டாம் எழுத்துக்கும் நடுவே எதையும் தொடாமல் ஒரு சிறு கோடு மிதந்தது. மேல்வரியின் ‘முஹம்மத்’ மட்டும் அழகாக நீண்டிருந்தது. பெயர்களெல்லாம் ஒரே அகலத்தில் வரட்டும் என்று எல்லாவற்றிலும் கஷீதா, அதாவது எழுத்துகளின் தொடுப்பை நீட்டும் இழுப்பு, போட்டதாகக் கணினியில் இருந்த தம்பி சொன்னார்.

கஷீதா பாரசீகச் சொல். இழுத்தலைக் குறிக்கும் ‘கஷீதன்’ என்ற வினையிலிருந்து பிறந்தது. இழுக்கப்பட்டது என்று பொருள். அறபியில் இதற்குத் ‘தத்வீல்’ என்று பெயர், அதாவது நீட்டுதல். நீளமானதைச் சொல்லும் ‘தவீல்’ என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான்.

வரியின் இரு ஓரங்களும் நேராக நிற்கவேண்டுமென்றால் மிஞ்சும் இடத்தை எங்காவது நிரப்பியாகவேண்டும். தமிழில் சொற்களின் இடைவெளியை அகட்டுகிறோம். ‘நடைமுறைப்படுத்தப்படவேண்டிய’ போன்ற ஒரு சொல் பத்திரிகைப் பத்தியின் ஒடுங்கிய வரிக்குள் வந்துவிட்டால், பக்கத்துச் சொல்லுக்கும் அதற்கும் இடையே ஒரு வாசலே திறந்துவிடும். அறபி எழுத்துகள் ஒன்றோடொன்று தொடுத்து எழுதப்படுபவை. அதனால் அந்தத் தொடுப்பையே நீட்டி வரியை நிரப்ப முடிகிறது. கொழும்பில் பல கடைகளின் சுவரில் தொங்கும் ‘பிஸ்மில்லாஹ்’வைப் பாருங்கள். சீன் எழுத்தின் பற்களைத் தாண்டிக் கோடு நீண்டு, மெல்ல வளைந்து, மீம் எழுத்தில் போய் இறங்கும். எழுதுகோலை எடுக்காமல் இழுத்த கை அதில் தெரியும்.

எல்லா இடத்திலும் இழுக்க முடியாது. அலிஃப், தால், ரா, வாவ் முதலிய ஆறு எழுத்துகள் தமக்கு அடுத்து வரும் எழுத்தோடு சேர்வதில்லை. ‘தாவூத்’ என்ற பெயரில் உள்ள நான்குமே அந்த ஆறில் அடங்கியவை. இழுப்பதற்கு அங்கே தொடுப்பே இல்லை. லாமும் அலிஃபும் பின்னிக்கொள்ளும் இடத்திலும் நடுவே புகக்கூடாது.

கணினிக்கு வந்தபோது இந்தக் கைவேலை ஒரு குறியாகச் சுருங்கியது. யூனிகோடில் 0640 என்ற எண்ணில் தத்வீல் ஒரு தனி எழுத்தைப்போல இருக்கிறது. வேண்டிய அளவுக்குத் தட்டிச் சேர்க்கலாம். ஆனால் அது நேரான கட்டை. அதோடு அது எழுத்துகளுக்கிடையே உண்மையாகவே உட்கார்ந்துவிடுவதால், தத்வீல் சேர்த்த ‘முஹம்மத்’தை எளிய தேடலில் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். வேர்ட் செயலியில் வரியை நிரப்பும்போது குறைவு, நடுத்தரம், மிகுதி என்ற மூன்று அளவுகளில் கஷீதாவைத் தேர்ந்தெடுக்கலாம். நீட்டும் வேலையை அப்படிச் செயலியிடம் விடுவதே நல்லது. மூலப் பனுவலுக்குள் கை வைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன், குர்ஆன் வசனமென்றால் அறவே கூடாது.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘அளபெடை’ என்ற சொல்லில் ஆசை எழும். செய்யுளின் ஓசை குறையும்போது நிறைப்பது அளபெடை, வரியின் அகலம் குறையும்போது நிறைப்பது கஷீதா, உவமை பொருந்துகிறது. ஆனாலும் அளபெடையில் ஒலி நீள்கிறது. நன்னூல் செய்யுள் விகாரங்களில் ஒன்றாகச் சொல்லும் ‘நீட்டல்’ என்பதும் குறிலை நெடிலாக்கும் ஒலி மாற்றமே. குர்ஆன் ஓதுகிறவர்கள் ஒலியை நீட்டுவதை ‘மத்து’ என்பார்கள். அளபெடைக்கு உறவு அதுதான். கஷீதாவை எவ்வளவு நீட்டினாலும் உச்சரிப்பு இம்மியும் மாறாது. ‘நீட்டுக்கோடு’ என்ற சொல்லை அந்த 0640 குறிக்கு மட்டும் கொடுக்கலாம், அது கோடுதான். கஷீதா என்ற கலைக்கு ‘எழுத்திழுப்பு’ என்பதே என் தெரிவு. பாரசீகச் சொல்லின் வினை அப்படியே அதில் இருக்கிறது. ‘இழுத்து எழுது’ என்று நாம் ஏற்கெனவே சொல்லியும் வருகிறோம்.

‘தாவூத்’தில் இருந்த நீட்டுக்கோட்டை அடித்துவிட்டு, பெயரைச் சட்டத்தின் நடுவில் வைக்கும்படி ஓரத்தில் எழுதிக்கொடுத்தேன்.